சீலா மீனும் டாக்குரியா வீடும்

1

இந்த வீட்டில் பால் காய்ச்சி நேற்றோடு மூன்று வருஷம் முடிந்தது. எனக்கு நினைவிருந்தது, அவருக்கு இல்லை. காலையில் பாயசம் வைத்துக் கொடுத்தேன். "யாருக்குப் பிறந்த நாள்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் இரண்டு டம்ளர் குடித்தார். மகள் பொன்னி கோர்ட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் நின்றபடியே ஒரு ஸ்பூன் வாயில் போட்டுக்கொண்டு, "பாலோ ஹொயேச்சே, மா" என்றாள். நன்றாக இருக்கிறதாம். அதைத் தமிழில் சொன்னால் வாய் வலிக்குமா என்று கேட்க நினைத்தேன். அதற்குள் படி இறங்கிவிட்டாள்.

ஊரிலிருந்து ஃபோன் செய்கிற எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். ரிட்டயர் ஆன பிறகும் அந்தக் கல்கத்தாவில் உங்களுக்கு என்ன வேலை? தூத்துக்குடிக்கு வந்துவிட வேண்டியதுதானே? நானும் வருஷா வருஷம் ஒரு பதில் வைத்திருக்கிறேன். பொன்னி படிப்பு முடியட்டும், பொன்னிக்கு வேலை அமையட்டும், பொன்னிக்குக் கல்யாணம் ஆகட்டும். உண்மையான பதில் வேறு. இங்கே ஒரு வீடு வாங்கப் பட்ட பாட்டுக்குப் பிறகு இதை விட்டுவிட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை. அந்தப் பாட்டைத்தான் இப்போது எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கார்டன் ரீச் ரயில்வே ஆபீசுக்கு அவருக்கு மாற்றல் வந்தது. மூன்று வருஷம், பிறகு மதுரைக்கே திரும்பிவிடலாம் என்று சொல்லித்தான் என்னை ரயில் ஏற்றினார். அம்மியைக்கூட நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். அந்த மூன்று வருஷம் முடியவே இல்லை. கைக்குழந்தையாக வந்த பொன்னி ஹூக்ளி ஆற்றங்கரைக் குவார்ட்டர்ஸில் பேசக் கற்றுக்கொண்டாள். முதலில் தமிழ், பிறகு இரண்டும், பிறகு பெங்காலி. என்னிடம் தமிழில் சண்டை போட ஆரம்பிப்பாள். கோபம் ஏற ஏற பெங்காலிக்குப் போய்விடுவாள். அங்கே என்னால் அவளைப் பிடிக்க முடியாது.

எங்களைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், பின்னால் வேண்டியிருக்கும். நாங்கள் மீன் இல்லாமல் சோறு இறங்காத ஜனம். இந்த ஊரோடு எனக்கு ஒட்டுதல் வந்ததே மீனால்தான். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் ரீனா பௌதி முதல் வாரமே ஒரு கிண்ணத்தில் கடுகு அரைத்த இலிஷ் மீன் கொண்டுவந்து கொடுத்தாள். நான் புளி ஊற்றி வைத்த குழம்பைத் திருப்பிக் கொடுத்தேன். பௌதி என்றால் அண்ணி. அன்றைக்கு அப்படிக் கூப்பிட ஆரம்பித்தது, இன்று வரை அப்படித்தான்.

2

இரண்டாயிரத்துப் பத்துக்குப் பிறகு அவருக்கும் ரீனா பௌதியின் கணவருக்கும் ஒரே வருஷத்தில் ரிட்டயர்மென்ட் வந்தது. குவார்ட்டர்ஸைக் காலி செய்தாக வேண்டும். இரண்டு குடும்பமும் சேர்ந்து வீடு தேட ஆரம்பித்தோம். இரண்டு பேருக்கும் ஆசை தெற்குக் கல்கத்தாவில் டாக்குரியா மேல்தான். ஏரி இருக்கிறது, ஸ்டேஷன் இருக்கிறது, பொன்னியின் சட்டக் கல்லூரிக்கும் பஸ் வசதி.

எங்கள் வீட்டில் ஃபோன் செய்கிற வேலை பொன்னிக்கு. பேப்பரில் விளம்பரத்தைப் பார்த்துக் கூப்பிடுவாள். அவள் பெங்காலியைக் கேட்டவர்கள் வாங்கம்மா, இன்றைக்கே வாங்க என்பார்கள். நாங்கள் மூன்று பேரும் போய் நிற்போம். அவர் நெற்றியில் திருநீறு, என் மூக்கில் இரண்டு பக்கமும் மூக்குத்தி. கதவைத் திறந்தவர் முகத்தில் ஒரு யோசனை ஓடும். இருந்தாலும் உட்கார வைப்பார்கள். டீயும் சந்தேஷும் வரும். கல்கத்தாவில் இல்லை என்று சொல்வதற்குக்கூட இனிப்பு தருவார்கள். சாப்பிட்டு முடித்ததும், நேற்றுத்தான் ஒருவர் பேசிவிட்டுப் போனார் என்பார்கள். ஒரு பெரியவர் மட்டும் வேறு மாதிரி சொன்னார். இந்தத் தெரு முழுக்க பெங்காலி, உங்களுக்குத் தனியாகிப்போன மாதிரி இருக்கும், உங்கள் நல்லதுக்குச் சொல்கிறேன் என்றார். எங்கள் மேல் இரக்கப்பட்டு மறுத்த ஒரே ஆள் அவர்தான்.

வீட்டுக்கு வந்ததும் பொன்னி அந்த நம்பருக்கே மறுபடி ஃபோன் செய்வாள். வேறு பெயர் சொல்லி வீடு இருக்கிறதா என்று கேட்பாள். இருக்கும்.

"இதுக்கெல்லாம் சட்டம் கிடையாதாட்டி?" என்று அவர் ஒரு நாள் கேட்டார்.

"கடை, ஹோட்டல், கிணறு, குளம், இங்கல்லாம் மதம், ஜாதி, பிறந்த ஊர் எதையும் காட்டித் தடுக்கக் கூடாதுன்னு அரசியல் சட்டத்துல இருக்குப்பா. தனி ஆள் வீடு விக்கிறதப் பத்தி அதுல ஒண்ணும் இல்ல. அமெரிக்காவுல அதுக்குன்னே தனிச் சட்டம் இருக்காம். எங்க சார் கிளாஸ்ல சொன்னார்."

"அப்ப இங்க கிணத்துல தண்ணி எடுக்கலாம், குடியிருக்கத்தான் முடியாது. அப்படித்தானே?"

"அப்படித்தான்."

அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

3

ரீனா பௌதிக்கு ஒரு வீடு மனசில் விழுந்துவிட்டது. ஏரிக்குப் பக்கத்தில் புதிதாக எழும்பிய ஐந்து மாடிக் கட்டிடம், இரண்டாவது மாடி. பார்த்துவிட்டு வந்த அன்று என் அடுக்களையில் உட்கார்ந்துகொண்டு அதையே பேசினாள்.

"ஜன்னல்ல நின்னா ஏரித் தண்ணி தெரியுது. இந்தப் பக்கம் சாதம் கொதிக்கும், அந்தப் பக்கம் பசங்க படகுல துடுப்பு போட்டுட்டுப் போவாங்க. சுவர் பூரா வெள்ளை டைல்ஸ். ஒண்ணே ஒண்ணு மட்டும் நீலம். மேஸ்திரிக்கு வெள்ளை பத்தாம போச்சு போல. அது நல்லாத்தான் இருக்கு."

அடுத்த வாரம் முகம் வாடி வந்தாள். விற்றுப்போய்விட்டதாம். "என் ராசி" என்றாள். நானும் ஆறுதல் சொன்னேன்.

அதற்குப் பிறகு இரண்டு நாளில் எங்கள் புரோக்கர் குதித்துக்கொண்டு வந்தார். இவரை அவர் தாதா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார். "உங்களுக்கேத்த வீடு கிடைச்சிருச்சு, தாதா. உங்களத்தான் கூப்பிடுறாங்க" என்று எங்களை ரிக்‌ஷாவில் ஏற்றினார். ஏரிப் பக்கம் ஐந்து மாடிக் கட்டிடம். இரண்டாவது மாடி. நான் நேரே அடுக்களைக்குப் போனேன். வெள்ளை டைல்ஸுக்கு நடுவில் ஒரே ஒரு நீலம்.

"இது வித்துப்போச்சுன்னு சொன்னாங்களே?" என்று கேட்டேன்.

புரோக்கர் குரலைத் தாழ்த்தினார். ராஜஸ்தான் பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து கட்டிய இடமாம், மீன் சாப்பிடுகிறவர்களுக்குக் கொடுக்க மாட்டார்களாம். "பெங்காலி வந்து கேட்டா வித்தாச்சுன்னு சொல்லிடுவாங்க. நீங்க மதராஸி. இட்லி, சாம்பார். உங்களுக்கு என்ன?"

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். தென்னாட்டில் எல்லோரும் சைவம் என்று இந்த ஊரில் பாதிப் பேருக்கு நினைப்பு. முதல் முறையாக அந்தத் தப்பு எங்களுக்கு லாபமாக வந்து நின்றது.

இதுவரை பார்த்த வீடுகளை வீடு என்றுதான் பார்த்தேன். இதை என் வீடாகப் பார்த்துவிட்டேன். அடுப்பு இங்கே, மாவு டப்பா அங்கே, கறிவேப்பிலைத் தொட்டிக்கு அந்த ஜன்னல் விளிம்பு என்று அங்கேயே மனசுக்குள் குடியேறிவிட்டேன். ஏரியில் நிஜமாகவே படகு போனது. கல்யாணமான நாளிலிருந்து அரசாங்கக் குவார்ட்டர்ஸ்தான் எனக்கு. சுவரில் ஆணி அடிக்கக்கூட யோசித்து வாழ்ந்தவள் நான். அந்த ஜன்னலில் நின்றபோது எனக்கு அழுகை வந்தது.

4

கட்டிடத்துக் கமிட்டித் தலைவர் ஒரு பெரியவர். எல்லோரும் சேட்ஜி என்றார்கள். வீடு கொடுப்பதற்கு முன் குடும்பத்தை ஒரு தடவை டீக்குக் கூப்பிட்டுப் பார்ப்பது அங்கே வழக்கமாம்.

போவதற்கு முன் என் வீட்டுக்காரர் எங்களை உட்கார வைத்துப் பாடம் எடுத்தார்.

"நல்லா கேட்டுக்கங்க. அவங்க கேக்காம நாம எதுவும் சொல்ல வேண்டாம். என்ன சாப்பிடுவீங்கன்னு கேட்டா, வீட்டுச் சாப்பாடுதான்னு சொல்லணும். பொய்யும் இல்ல, ஒண்ணும் இல்ல. மீன் வேணும்னா வெளிய போய்ச் சாப்பிட்டுக்கிடலாம்."

"எனக்கு இது சரியாப் படல" என்றாள் பொன்னி.

"நீ வாயத் தொறக்காம இருந்தாப் போதும். நீயும்தான்" என்று என்னையும் பார்த்தார். எனக்கு அந்த வீடு வேண்டும். தலையை ஆட்டினேன்.

சேட்ஜி நல்ல மனிதர், அதைச் சொல்லத்தான் வேண்டும். வாசல் வரை வந்து கூட்டிக்கொண்டு போனார். அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார வைத்தார். லட்டு வந்தது. பொன்னி என்ன படிக்கிறாள் என்று கேட்டார்கள், இவருக்குப் பென்ஷன் உண்டா என்று கேட்டார்கள். சாப்பாட்டைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் தெரிந்த விஷயமாயிற்றே. எனக்கு மூச்சு சீரானது.

எழுந்திருக்கிற நேரத்தில் சேட்ஜி சும்மா ஒரு பேச்சுக்கு இவரிடம் கேட்டார்: "உங்க சொந்த ஊர் எது? எப்படி இருக்கும்?"

அவ்வளவுதான் கேட்டார். இவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

ஊர் கடலோரம் என்றார். உப்பளம் வெயிலில் கண் கூசும் என்றார். சாயங்காலம் காற்று திசை மாறும், சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கடற்கரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கவே தோன்றாது என்றார். இருபது வருஷமாகக் கார்டன் ரீச்சில் பழகிய உடைந்த ஹிந்தி அவருக்கு. அன்றைக்கு அது தங்குதடையில்லாமல் வந்தது. சேட்ஜியும் முன்னால் சாய்ந்து கேட்டார், அவருக்கும் எங்கேயோ ஒரு ஊர் இருக்கிறதே. போட் எல்லாம் கரைக்கு வரும் என்றார் இவர். நான் அவர் முழங்காலைத் தட்டினேன். தெரியவில்லை அவருக்கு.

"எங்க அய்யா என்னைத் தோள்ல தூக்கிட்டுப் போவார்" என்று கையை இரண்டு பக்கமும் விரித்தார். "இவ்வளவு பெரிய சீலா மீன். வெள்ளி மாதிரி. அங்கேயே நறுக்கி வாங்கி வருவோம். எங்கம்மா மஞ்சளும் மிளகாயும் மட்டும்தான் போடுவாங்க. எண்ணெயில விழுந்ததும் தெரு பூரா வாசனை. அந்த மீன் இங்க கிடைக்கவே இல்ல, சேட்ஜி. எத்தனையோ மார்க்கெட்ல தேடிட்டேன்."

விரித்த கை விரித்தபடியே நின்றது. என்ன சொன்னோம் என்று அப்போதுதான் அவருக்கே உறைத்தது.

சேட்ஜி மனைவியின் கை என் கையிலிருந்து மெதுவாக விலகியது. சேட்ஜி எழுந்து, "நல்ல ஊர்" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை. எங்களோடு லிஃப்ட் வரை வந்து பொத்தானையும் அவரே அழுத்தினார்.

பஸ்ஸில் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. வாயைத் திறக்காதே என்று எங்களுக்குப் பாடம் எடுத்த மனுஷன். ஏதாவது கேட்டுவிடலாம் என்று திரும்பினேன். அவர் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. அவர் இவ்வளவு நேரம் ஊரைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. என்னிடம்கூடப் பேசினதில்லை. அவருக்கு ஊர் ஞாபகமே வராது என்று நான் இருபது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

5

புரோக்கர் மறுநாள் ஃபோன் செய்தார். வீடு விற்றுப்போய்விட்டதாம்.

பொன்னி விழுந்து விழுந்து சிரித்தாள். "இப்பத்தாம்மா நாம பக்கா பெங்காலி ஆயிருக்கோம். அதே வீடு, அதே பதில்."

ரீனா பௌதியிடம் மறைக்க முடியாது, சொன்னேன். நீல டைலைப் பற்றிச் சொன்னதும் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. முகம் சிவந்துபோனது. "எங்க ஊர்ல, எங்க ஏரிக்கரையில, நாங்க மீன் சாப்பிடுறோம்னு எங்களுக்கு வீடு கிடையாதா? யார் இவங்க?" என்று பொரிந்து தள்ளினாள். நானும் கூடவே பொரிந்தேன். இரண்டு பேருமே அந்த ஜன்னலை இழந்தவர்கள்.

பொன்னி அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பௌதியிடம் சாதாரணமாகத்தான் கேட்டாள், "காக்கிமா, உங்க அண்ணன் வீட்டு மேல் மாடி? அதுவும் டாக்குரியாலதானே இருக்கு? விக்கப் போறாங்கன்னு துக்காய் சொன்னானே."

துக்காய் பௌதியின் மகன்.

அந்த வீட்டைப் பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது. பிறந்த வீட்டோடு போய்க் குடியிருக்க அவள் கணவருக்குக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை, அது சரி. ஆனால் ஏழெட்டு மாதமாக நாங்கள் ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்குவதைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். சந்தேஷ் கொடுத்து அனுப்பிய கதைகளைக் கேட்டு என்னோடு சேர்ந்து சிரித்தவள்.

"தாதா பெங்காலிக்குத்தான் கொடுக்கணும்னு சொல்றார்" என்றாள் தரையைப் பார்த்துக்கொண்டு. "அப்பா கட்டின வீடு இல்லையா. உனக்காக நான் ஒரு தடவை கேட்டேன். முடியாதுன்னுட்டார். ரெண்டாவது தடவை கேக்க எனக்குத் தைரியம் வரல. உன்கிட்ட சொல்லவும் வரல."

அடுப்பில் உலை இருந்தது, அதை இறக்கினேன். அவள் எழுந்து போனாள். அந்த ஞாயிற்றுக்கிழமையும் கிண்ணத்தில் இலிஷ் மீன் வந்தது. வாங்கிக்கொண்டேன். இப்போதும் மாசம் ஒரு தடவை வருகிறாள், நானும் போகிறேன். அவளை எனக்குப் பிடிக்கும். ஆனால் சேட்ஜி வீட்டுக் கதவு மூடியதை மறந்துவிட்டேன், அவள் மூடி வைத்திருந்த கதவை இன்னும் மறக்க முடியவில்லை.

6

கடைசியில் ஊர்க்கோடியில், கரியாவுக்கும் தெற்கே இந்த வீடு கிடைத்தது. எங்களை யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்கிற நிலைமையில் இந்தக் கட்டிடம் இல்லை. ரோடு கிடையாது, மழைக்கு முழங்கால் தண்ணீர், ராத்திரி நரி ஊளையிடும். வாங்க ஆள் வந்ததே புரமோட்டருக்குப் பெரிய விஷயம். எட்டு வீட்டில் பெங்காலி, பீஹாரி, ஒரிஸ்ஸாக்காரர் ஒருவர், நாங்கள். மாடிப்படியில் கடுகெண்ணெயும் பெருங்காயமும் சேர்ந்து மணக்கும். அடுக்களை ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். கையை நீட்டினால் தொடலாம். அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் தினமும் மீன் வறுக்கிறேன்.

இப்போது ரோடு போட்டுவிட்டார்கள். ஆட்டோ வாசல் வரை வருகிறது. இடம் தேறத் தேற, எங்கள் கட்டிடத்து ஆட்களுக்கும் பேச்சு மாறிவிட்டது. எங்களுக்கு எதிர் வீடு காலியாக இருக்கிறது. வாங்கினவர் தில்லிக்குப் போய்விட்டார், விற்கிறார். பகலில் வீட்டில் இருப்பவள் நான்தான் என்பதால் சாவி என்னிடம். போன வாரம் மாடிப்படியில் நின்று எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசினார்கள். யார் வேண்டுமானாலும் வந்துவிடக் கூடாது, பார்த்துத்தான் விட வேண்டும் என்றார் மூன்றாவது மாடிக்காரர். யார் என்று அவர் சொல்லவில்லை. எல்லோரும் தலையாட்டினார்கள். என் தலையும் பழக்கத்தில் ஆடப்போனது, நிறுத்திக்கொண்டேன்.

முந்தாநாள் புரோக்கர் ஃபோன் செய்தார். "கிடர்பூர் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வருது, தீதி. வீட்டைக் காட்டுங்க. சரிப்படலன்னா புக் ஆயிடுச்சுன்னு சொல்லிடுங்க. உங்க கட்டிடத்துல அப்படித்தான் சொல்லச் சொன்னாங்க."

கணவன் மனைவி இரண்டு பேர் வந்தார்கள். அவர் துறைமுக டாக்கில் வேலை பார்க்கிறவர், சட்டையை இஸ்திரி போட்டு வந்திருந்தார். அந்த அம்மாவுக்கு நாற்பது வயது இருக்கும். நான் கதவைத் திறந்து, "வாங்க" என்றேன். அவர் உள்ளே ஒரு கால் வைத்தார். அந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கண்ணை வேண்டுமென்றே வீட்டுக்குள் விடாமல் என் முகத்தையே பார்த்தார்.

"முதல்ல பேரச் சொல்லிடுறேன், தீதி" என்றார் ஹிந்தியில். "என் பேர் நஸீமா. இவர் அன்வர். வேண்டாம்னா இங்கேயே சொல்லிடுங்க, ஒண்ணும் தப்பா நினைக்க மாட்டோம். உள்ள வந்து பார்த்துப் பிடிச்சுப்போச்சுன்னா, அப்புறம் அதை மறக்குறது ரொம்பக் கஷ்டமா இருக்கு."

இந்த ஊரில் இருபத்து மூன்று வருஷத்தில் என்னை இவ்வளவு சரியாகப் புரிந்துகொண்டு யாரும் பேசினதில்லை. அவர் என்னைப் பற்றிப் பேசவும் இல்லை.

"மத்தவங்களக் கேக்கணுமா?" என்றார் அவரே.

"கேக்கணும்" என்றேன். "ஒரு தடவை கேப்பேன். முடியாதுன்னா ரெண்டாவது தடவையும் கேப்பேன். நீங்க முதல்ல வீட்டைப் பாருங்க."

அவர் தன் கணவரைப் பார்த்தார். பிறகு குனிந்து செருப்பைக் கழற்றினார்.